சபைக்கு வைக்கிற பெயரால் ஒற்றுமை கெடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்திலும், ஞாயிறு ஆராதனை முடிந்து கேட்டுக்கு வெளியே நிற்கும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. நான் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்தவன், குருவானவர் அல்ல, சபை வரலாறு படிக்கிற ஆசை உண்டு, அவ்வளவுதான். எல்லாத் தரப்பையும் பற்றிப் பேசியிருக்கிறேன், அதனால் எல்லாத் தரப்புக்கும் கொஞ்சம் கோபம் வரலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: பெயர் ஒற்றுமையைக் கெடுக்குமா, கெடுக்காதா?

பெயருக்காக மட்டும் ஒரு சபை உடைவது அபூர்வம். சாதி, சொத்து, பதவி, உபதேசம் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் உடைகிறது, உடைந்த பிறகு பிரிந்துபோனவர்கள் ஒரு போர்டு மாட்டுகிறார்கள். ஆனால் போர்டு மாட்டியதும் கதை வேறாகிவிடும். சண்டை போட்ட இருவரும் இறந்துபோய், என்ன சண்டை என்பதே பேரப்பிள்ளைகளுக்கு மறந்துபோன பிறகும், அந்தப் பெயர் லெட்டர்பேடிலும் நிலப் பத்திரத்திலும் கல்லறைத் தோட்டத்து கேட்டிலும் உட்கார்ந்துகொண்டு, நாம் வேறு அவர்கள் வேறு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த அளவுக்குப் பெயர் கெடுக்கும். பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை மட்டும் நான் நம்புவதில்லை, ஏன் என்று கீழே வருகிறது.

வேதத்தில் சபைகளுக்குப் பெயரே கிடையாதே, நாம் ஏன் வைக்க வேண்டும்?

புதிய ஏற்பாட்டில் சபைகளை ஊரை வைத்தும் வீட்டை வைத்தும்தான் சொல்கிறார்கள். கொரிந்துவில் இருக்கிற தேவனுடைய சபை, பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா வீட்டில் கூடுகிற சபை, இப்படி. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் சபைகள் என்ற பேச்சும் வருகிறது. இதில் எதுவும் கல்வெட்டில் பொறிப்பதற்காகச் சொன்ன அதிகாரப்பூர்வப் பெயர் இல்லை. கிறிஸ்தவர்கள் என்கிற பெயரே அந்தியோகியாவில் மற்றவர்கள் வைத்ததாகத்தான் தெரிகிறது (அப்போஸ்தலர் 11:26). பவுல்மேல் குற்றம் சாட்ட வந்த வக்கீல் தெர்த்துல்லு, நசரேயர் என்று சொன்னான்.

அன்றைக்கு ஒரு ஊருக்கு ஒரு சபை என்பதால் ஊர்ப் பெயர் போதும். இன்று பாளையங்கோட்டையில் ஒரு தெருவுக்குள் நுழைந்து "சபை எங்கே?" என்று கேட்டால், "எந்த சபை?" என்று நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்கள். ஆட்டோக்காரருக்கும் தபால்காரருக்கும் ஒரு பெயர் வேண்டும், மின் இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் வேண்டும், சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்யப் போனால் பெயர் இல்லாமல் முதல் பக்கத்தையே நிரப்ப முடியாது. இந்த அளவுக்குப் பெயர் வைப்பதை யாரும் பாவம் என்று சொல்ல முடியாது.

பவுல் இதைத்தானே கண்டித்தார், "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று?

ஆமாம், 1 கொரிந்தியர் 1:12. ஆனால் அந்த வசனத்தைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். பவுல், அப்பொல்லோ, கேபா (பேதுரு) என்று மூன்று கட்சியைச் சொல்லிவிட்டு, நான்காவதாக "நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்" என்று சொன்னவர்களையும் அதே வரிசையில்தான் நிறுத்துகிறார். பல உரையாசிரியர்கள் அதையும் ஒரு கட்சியாகத்தான் எடுக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. சொன்ன பெயரில் தப்பே இல்லை, சொன்ன விதத்தில்தான் தப்பு. "நாங்கள் கிறிஸ்துவின் ஆட்கள்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் யாருடைய ஆட்கள் என்று பக்கத்தில் இருப்பவனை ஒரு பார்வை பார்த்தால், அதைவிடப் பெரிய கட்சிப் பெயர் உலகத்தில் கிடையாது.

பெயரே வேண்டாம் என்று வாழ்ந்து காட்டிய சபைகள் உண்டே?

உண்டு, அவர்கள்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. பிரதரன் சபையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1820களின் கடைசியிலும் 1830களிலும் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சிலர், ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட் என்ற வேலிகள் வேண்டாம், கர்த்தருடைய நாமத்தில் கூடி அப்பம் பிட்டால் (திருவிருந்து எடுத்தால்) போதும் என்று ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த நம் ஊர்க்காரர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். நல்ல ஆரம்பம். ஆனால் ஊரார் சும்மா இருப்பார்களா? இங்கிலாந்தில் பிளிமவுத்தில் பெரிய கூட்டமாகக் கூடினார்கள் என்பதால் பிளிமவுத் பிரதரன் என்று பெயர் விழுந்தது. 1848இல் அவர்களின் தலைவர்களில் ஒருவரான டார்பி ஒரு பக்கமும் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லரின் பெத்தேஸ்தா சபையார் இன்னொரு பக்கமுமாக, தவறான உபதேசக்காரரோடு பழகினவர்களை அப்பம் பிட்க விடலாமா என்ற கேள்வியில் உடைந்தார்கள். பிறகு ஓப்பன் பிரதரன், எக்ஸ்குளூசிவ் பிரதரன் என்று பெயர் வேண்டாம் என்றவர்களுக்கே இரண்டு பெயர்.

பக்த்சிங் விஷயம் இதைவிடச் சுவாரசியம். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 1941இல் பல்லாவரம் மலையில் இரவெல்லாம் சிலரோடு ஜெபித்துவிட்டு வந்து சென்னையில் சபை கூட ஆரம்பித்தார். எந்தப் பிரிவின் பெயரையும் தொடவில்லை, கூடுகிற இடத்துக்கு மட்டும் யெகோவா ஷம்மா என்று பெயர் வைத்தார், ஐதராபாத்தில் எபிரோன். சபைக்குப் பெயர் இல்லை, கட்டடத்துக்குத்தான் பெயர் என்பது அவர்கள் கணக்கு. இன்று தமிழ்நாட்டில் போய்க் கேளுங்கள், "அவங்களா, பக்த்சிங் சபை" என்பார்கள். மனுஷன் பெயரே வேண்டாம் என்று ஓடியவருடைய பெயரையே சபைக்கு வைத்துவிட்டார்கள்! இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. பெயர் வைக்கிற உரிமை முழுக்க நம் கையில் இல்லை என்பதுதான் விஷயம். நீங்கள் வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வைப்பார்.

"கிறிஸ்துவின் சபை" என்று மட்டும் எல்லாரும் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

இதை ஒரு தேசமே செய்து பார்த்திருக்கிறது என்றே சொல்லலாம். அமெரிக்காவில் கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோன் என்ற பிரெஸ்பிடேரியன் போதகரும் அவரோடு இருந்தவர்களும், தாங்கள் வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டு பிரெஸ்பிடரி என்ற சபைக் குழுவைத் தாங்களே கலைத்து, அதற்கு ஒரு மரண சாசனம் எழுதினார்கள், 1804 ஜூன் 28. இந்தக் குழு செத்துப்போகட்டும், கிறிஸ்துவின் சரீரத்தோடு கரைந்துபோகட்டும் என்ற கருத்தில் எழுதியது. இனி நாங்கள் கிறிஸ்தவர்கள் மட்டும். 1809இல் பென்சில்வேனியாவில் தாமஸ் கேம்ப்பெல் ஏறக்குறைய அதே எண்ணத்தோடு ஓர் அறிக்கை எழுதினார். இரண்டு கூட்டமும் 1832இல் லெக்சிங்டனில் கைகுலுக்கி ஒன்றாயின.

ஒன்றானதும் வந்த வாக்குவாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? பெயர். ஸ்டோனுக்கு "கிறிஸ்தவர்கள்" தான் வேண்டும், தாமஸின் மகன் அலெக்சாண்டர் கேம்ப்பெல்லுக்கு "சீஷர்கள்" பிடித்திருந்தது. இரண்டுமே வேதத்தில் இருக்கிற சொல், இரண்டுமே புழங்கின. அப்புறம் மிஷனெரிச் சங்கம் வைப்பது சரியா, ஆராதனையில் ஆர்கன் வாசிக்கலாமா என்று தகராறு வளர்ந்தது. அடியில் உள்நாட்டுப் போர் விட்டுப்போன வடக்கு தெற்குக் கசப்பும், பணக்காரச் சபை ஏழைச் சபை வித்தியாசமும் இருந்தன. 1906ஆம் ஆண்டு அமெரிக்க மதக் கணக்கெடுப்பில் கிறிஸ்துவின் சபைகள் தனியாகவும், கிறிஸ்துவின் சீஷர்கள் தனியாகவும் எண்ணப்பட்டார்கள். பின்னாளில் மூன்றாவது கிளையும் வந்தது. பெயரை விட்டால் ஒற்றுமை வரும் என்று மனப்பூர்வமாக நம்பிய ஓர் இயக்கம் மூன்றானது. மூன்றுக்கும் பெயர் வேதத்திலிருந்துதான்.

நம் ஊரிலும் கிறிஸ்துவின் சபைகள் இருக்கின்றன, நல்ல வேத மாணவர்கள். பெயர் வேதத்தில் இருக்கிறது என்ற வாதத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெயர் போர்டில் இல்லாதவன் சபையே இல்லை என்று போகும்போதுதான் கொரிந்துவின் நான்காவது கட்சி ஞாபகத்துக்கு வருகிறது.

அப்படியானால் சி.எஸ்.ஐ. மட்டும் எப்படிச் சாத்தியமாயிற்று? அங்கே பழைய பெயர்களை விட்டார்கள்தானே?

விட்டார்கள். ஆனால் பெயரில் ஆரம்பிக்கவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னால் நின்றவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் அசரியா, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல்லில் பேராயர் ஆனவர். அவர்கள் சொன்னது எளிமையானது: இந்தப் பிரிவுகள் நாங்கள் உண்டாக்கினவை அல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் வந்து விழுந்தவை, இதை நாங்கள் சுமந்துகொண்டே போக விரும்பவில்லை. நியாயம்தானே? இங்கிலாந்து ராஜாவுக்கும் போப்புக்கும் நடந்த தகராறுக்கும் நாசரேத்தில் பனை ஏறுகிறவருக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் 1919இல் பேச ஆரம்பித்தது 1947 செப்டம்பர் 27 அன்றுதான் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. 28 வருஷம். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 புத்தாண்டு அன்றே இறந்துவிட்டார். அத்தனை வருஷமும் முக்கியமாகப் பேசப்பட்டது பெயரா என்றால், இல்லை. பேராயர் அவசியமா, பேராயர் கை வைக்காமல் அபிஷேகம் பெற்ற போதகரை ஆங்கிலிக்கன் பீடத்தில் நிற்க விடலாமா, இதுதான். கடைசியில் இருக்கிற எல்லாப் போதகர்களையும் மறு அபிஷேகம் இல்லாமல் அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் அபிஷேகம் பெறுகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பது என்று முடித்தார்கள். மெதடிஸ்டும், 1908லேயே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிடேரியன் காங்கிரிகேஷனல் கூட்டமும், ஆங்கிலிக்கனும் சேர்ந்த பிறகு எந்தத் தரப்பின் பெயரும் இல்லாமல் இடத்தின் பெயரை வைத்தார்கள்: தென்னிந்தியத் திருச்சபை. வேலை முடிந்தபின் வந்த பெயர் என்பதால்தான் அது நிற்கிறது. (இடப் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு, இலங்கையில் யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஆதீனமும் (பேராயரின் மண்டலம்) "தென்னிந்திய"த் திருச்சபைதான்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு ஆரம்பித்த தரங்கம்பாடி லுத்தரன்களின் ஊர், சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய இடம். அதே 1919இல்தான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் தனிச் சபையாக அமைந்தது. லுத்தரன்கள் சி.எஸ்.ஐ.யில் சேரவில்லை. சேர்ந்தவர்களுக்குள்ளும் பழைய கோடு அழிந்துவிடவில்லை. திருநெல்வேலிப் பக்கம் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், நாசரேத் எஸ்.பி.ஜி., மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். என்று பழைய மிஷனெரிச் சங்கங்களின் பெயரைச் சொல்வார்கள். நாகர்கோவில் போனால் எல்.எம்.எஸ். அந்தச் சங்கங்கள் கிளம்பிப்போய் எத்தனையோ காலம் ஆயிற்று, திருமண்டலத் தேர்தல் வந்தால் மட்டும் எங்கிருந்தோ எழுந்து வரும்.

ஒரே பெயர் இருந்தும் பிரிந்து கிடந்த சபை உண்டா?

வடக்கன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள், திருநெல்வேலி மாவட்டம், கத்தோலிக்கக் கோவில், திருக்குடும்பத்தின் பெயரில். 1872இல் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கூடங்கள் இரண்டு பக்கமாகக் கால்சட்டை மாதிரி பிரிந்து போகும், நடுவில் சுவர். வெள்ளாளர் ஒரு காலில், நாடார் இன்னொரு காலில். இரண்டு பேரும் ஒரே குருவானவரைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒரே பெயர், ஒரே போப், ஒரே பூசை, நடுவில் செங்கல். 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார், அதற்கு வழக்கு நடந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று, சுவர் கேட்டவர்கள் தோற்றார்கள்.

கத்தோலிக்கரை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வித்தியாசம் இனிக் கூடாது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாகத் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எவ்வளவு எதிர்ப்பு! தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து எழுதினார், அவர் பாட்டுகளை நாம் இன்றும் உருகி உருகிப் பாடுகிறோம்.

இன்றைக்கு? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை பகுதியை எடுங்கள். "சி.எஸ்.ஐ. நாடார்", "ஆர்.சி. வன்னியர்". சபைப் பெயர் முதல் பாதி, சாதி இரண்டாம் பாதி. முதல் பாதியில் விட்டுக்கொடுப்பார்கள், ஆர்.சி. மாப்பிள்ளை என்றாலும் நல்ல வேலை என்றால் பேசிக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டாம் பாதியில் விடமாட்டார்கள். சபைப் பெயர்தான் ஒற்றுமைக்குத் தடை என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வந்து பேசினால் நன்றாக இருக்கும்.

வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டே ஒற்றுமையாக இருக்க முடியுமா?

முடியும். சி.எஸ்.ஐ., வட இந்தியத் திருச்சபை, மார்த்தோமா சபை மூன்றும் 1978இல் ஒரு கூட்டு மன்றம் அமைத்தன. பெயர் மூன்றும் அப்படியே இருக்கின்றன, ஆராதனை முறையும் அப்படியே, ஆனால் ஒருவர் போதகரை மற்றவர் ஏற்கிறார், ஒருவர் திருவிருந்தில் மற்றவர் பங்கெடுக்கலாம். சி.எஸ்.ஐ.யோடு சேராத லுத்தரன்களும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியை 1969இல் சி.எஸ்.ஐ.யோடு சேர்ந்தே தொடங்கினார்கள், இரண்டு சபைக்கும் போகப்போகிற போதகர்கள் ஒரே விடுதியில் சாப்பிட்டுப் படிக்கிறார்கள்.

மனிதர் பெயரில் சபை வைப்பது?

வேண்டாம். லுத்தரே 1522இல், என் பெயரில் உங்களை அழைத்துக்கொள்ளாதீர்கள், கிறிஸ்தவர்கள் என்று சொல்லுங்கள் என்று எழுதினார், யாரும் கேட்கவில்லை. இப்போது சபைப் பெயர் "ஜெபவீடு" என்று அடக்கமாக இருக்கும், கன்வென்ஷன் போஸ்டரில் பாஸ்டர் அம்மா படமும் பாஸ்டர் ஐயா படமும் ஆளுயரத்துக்கு இருக்கும், இயேசுவின் நாமம் கீழே பொடி எழுத்தில். இதுவும் மனிதர் பெயரில் சபை வைத்ததுதான்.

வெள்ளைக்காரர் விட்டுப்போன பெயர்களை மாற்றிவிட்டால்?

1857லேயே நாசரேத்தில் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனெரியோடு முரண்பட்டுப் பிரிந்து, இந்து என்ற சொல்லையே சபைப் பெயரில் வைத்தார். ஓய்வுநாள் சனிக்கிழமை, காணிக்கை இங்கேயே வசூல், ஐரோப்பிய ஆள் கிடையாது. அந்தக் காலத்துக்கு மிகப்பெரிய துணிச்சல், அவரைப் பற்றி நம் ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித்தருவதில்லை. ஆனால் பெயர் சுதேசியானதால் மற்றவர்களோடு நெருக்கம் கூடவில்லை, இன்னும் ஒரு சபை கூடியது. பெயரை மாற்றினாலும் ஊர் வாய் மாறாது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன்: சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தன் பெயரிலிருந்து சிலோனை எடுத்துப் பல காலம் ஆகிறது, அந்த வெள்ளை உடைக்காரர்களை இன்றும் எத்தனையோ பேர் சிலோன் பெந்தெகொஸ்தே என்றுதான் சொல்கிறார்கள்.

புதிதாகச் சபை ஆரம்பிக்கிறோம். என்ன பெயர் வைக்கலாம்?

முதலில், ஆரம்பிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டீர்களா? சரி, கேட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ வைப்பதுதான் என் யோசனை, அது யாரையும் குத்தாது. பெத்தேல், எலீம், சீயோன், எபெனேசர் என்று போனால், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவதற்குள் அதே பெயரில் இன்னும் இரண்டு சபை இருக்கும், கடிதம் மாறிப்போகும். "உண்மையான", "முழு", "பூரண", "ஒரே" போன்ற சொற்களை வைக்குமுன், எதிர்வீட்டில் இருக்கிற வேறு சபை விசுவாசி அதை எப்படி வாசிப்பார் என்று பாருங்கள். நான் முழு என்றால் அவர் அரைதானே? "சர்வதேச" என்ற சொல்லும் அப்படித்தான், கூடுகிறது வாடகை மாடியில் இருபது பேர் என்றால் வீண் சிரிப்பு. பெயரைத் தீர்மானிக்குமுன் அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிற சபைப் போதகர்களைப் போய்ப் பார்த்து, நாங்கள் இன்ன பெயரில் இங்கே கூடப்போகிறோம், உங்கள் ஆட்களை இழுக்க வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். எல்லாரும் டீ கொடுக்க மாட்டார்கள், பரவாயில்லை.

நான் சி.எஸ்.ஐ. உறுப்பினர், ஆனால் ஞாயிறு காலை போவது பெந்தெகொஸ்தே சபைக்கு. இரண்டு பெயரிலும் இருக்கலாமா?

எத்தனையோ குடும்பம் அப்படித்தான் இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. ஆராதனை அங்கே, சந்தா இங்கே. காரணம் பக்தி அல்ல, கல்யாணமும் கல்லறையும். சின்ன சபைகளில் பலவற்றுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது, பழைய சேகரத்தில் (ஊர்ச் சபைகள் சேர்ந்த சி.எஸ்.ஐ. பிரிவு) பெயர் வெட்டுப்பட்டால் அப்பாவை எங்கே வைப்பது என்ற பயம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். மறைத்துச் செய்வதில்தான் கசப்பு வருகிறது: முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தது பின்னால் தெரிந்து, துக்க வீட்டில் உடலை வைத்துக்கொண்டு கமிட்டி உட்கார்ந்து விவாதிக்கிற அவலம் வேண்டாமே. இரண்டு போதகரிடமும் இப்போதே சொல்லுங்கள். உங்கள் சேகரத்தில் அடக்கத்துக்கு என்ன விதி, சந்தா பாக்கி எவ்வளவு வரை பொறுப்பார்கள், வேறு சபையில் ஞானஸ்நானம் எடுத்தவருக்கு இடம் உண்டா என்பதைச் சேகரச் செயலரிடம் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டரிடமும் ஒன்று கேளுங்கள்: என் அப்பாவின் அடக்க ஆராதனையை சி.எஸ்.ஐ. ஐயர் (போதகர்) நடத்தினால் நீங்கள் வந்து பக்கத்தில் நிற்பீர்களா?